எப்போதாவது கிடைக்கும் செல்போன்

கேள்வி: என் நாலு வயது மகன் செல்போன் கேட்டு அழுகிறான். திட்டினாலும் அடித்தாலும் நிற்பதில்லை. பெரும்பாலும் கொடுக்க மாட்டேன். தாங்க முடியாதபோது மட்டும் கொடுத்துவிடுகிறேன். ஏன் மாறவில்லை?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அந்த ‘தாங்க முடியாதபோது மட்டும்’தான் வம்பு, அம்மா. 1930களில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், பெட்டிக்குள் எலி ஒரு கம்பியை அழுத்தினால் தீனி விழும்படி செய்தார். அழுத்தும்போதெல்லாம் தீனி பெற்ற எலி, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிட்டது. எப்போதாவது பெற்ற எலியோ, தீனி நின்ற பிறகும் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தது. லாட்டரிச் சீட்டு வாங்குபவரும் அப்படித்தானே!

என் பேரன் மிக்சர் டப்பாவுக்காகத் தரையில் புரள்வான். கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த மூன்றாம் நாள் கத்தல் இரண்டு மடங்கானது. நான் கரண்டியோடு சமையலறையில் ஒளிந்துகொண்டேன். அன்று கொடுத்திருந்தால் ‘இன்னும் கத்தணும்’ என்றுதான் கற்றிருப்பான். அப்புறம் மெல்லக் குறைந்தது.

அடி அந்த நிமிடத்தை வேண்டுமானால் அடக்கும். அழுவதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று சொல்லித்தராது. அவன் அழாமல் விளையாடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். சரி, முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் பேசிவிடுங்கள். என் வீட்டில் மிக்சர் தாத்தாவின் சட்டைப் பையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.