இரு நகரங்களின் தொற்று எண்ணிக்கையை ஒப்பிடுவது எப்படி? – கேள்வி பதில்

மாநகரங்களின் நோய்ப் பதிவேடுகளை நெடுங்காலமாகப் படித்து வருபவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கல்லூரி மாணவி, மதுரை: டெல்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களின் 2020-ஆம் ஆண்டுக் கொரோனாத் தரவை ஒரே வரைபடத்தில் வரைந்தேன். டெல்லியின் கோடு மிக உயரமாக இருக்கிறது. டெல்லிதான் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது என்று எழுதலாமா ஐயா?

எழுதக் கூடாது அம்மா. 2011 கணக்கெடுப்பின்படி டெல்லியின் மக்கள்தொகை 1.68 கோடி, மாநகர மும்பையின் மக்கள்தொகை 1.24 கோடி. ஆகவே முதலில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றும்போது சென்னையில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சென்னை மாவட்டமோ 2018-இல்தான் அந்த எல்லைக்கு விரிவாக்கப்பட்டது. எனவே 2011 கணக்கெடுப்புப் புத்தகத்தில் 'சென்னை மாவட்டம்' என்று தேடினால் 46.5 லட்சம் பேர் கிடைப்பார்கள். விரிந்த மாநகராட்சியில் வாழ்ந்தவர்களோ சுமார் 67 லட்சம் பேர். ஒரு நாளில் 1,000 தொற்றுகள் பதிவானால் முதல் எண்ணால் வகுக்க லட்சத்துக்கு 21.5 வரும், இரண்டாவதால் வகுக்க லட்சத்துக்கு 15 வரும். நோய் அதேதான், வகுக்கும் எண் மட்டுமே மாறியது. தொற்றுகள் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டனவோ அதே எல்லைக்குள் வாழும் மக்களைக் கொண்டுதான் வகுக்க வேண்டும் என்பதை இந்தப் பகுதியில் நான் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவிலியர், திருச்சி: மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் ஒப்பீடு சரியாகிவிடுமா?

ஆகாது. பதிவான தொற்று என்பது உண்மையில் பரவிய தொற்றன்று. பரிசோதனை எட்டிப்பிடித்த பகுதி மட்டுமே. தமிழ்நாடு ஏறக்குறைய முழுவதுமாக, வைரஸின் மரபணுவை ஆய்வகத்தில் தேடும் ஆர்டி-பிசிஆர் முறையையே நம்பியிருந்தது. டெல்லி 2020 ஜூன் நடுப்பகுதியிலிருந்து, வைரஸின் புரதத்தைத் தேடி உடனே முடிவு தரும் ரேபிட் ஆன்டிஜென் சோதனையைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சோதனைக் கருவியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) மதிப்பிட்டபோது, தொற்றுள்ளவர்களில் 50.6 முதல் 84 விழுக்காடு வரையிலானோரை மட்டுமே அது கண்டறிந்தது. ஆகவே இரு நகரங்களும் ஒரே எண்ணிக்கையில் சோதனை செய்திருந்தாலும், விட்டுப்போனவர்களின் அளவு ஒன்றாக இருக்காது.

எவ்வளவு விட்டுப்போகிறது என்பதைக் காட்டியவை, தொற்று வந்துபோனதற்கு அடையாளமான எதிர்ப்புரதத்தை இரத்தத்தில் தேடும் செரோ சர்வேக்கள்தாம். 2020 ஜூலையில் சென்னையில் எடுக்கப்பட்ட 12,405 மாதிரிகளில் 21.5 விழுக்காட்டில் எதிர்ப்புரதம் இருந்தது. 67 லட்சத்தில் அது 14 லட்சத்துக்கும் மேல். அம்மாத இறுதிவரை நகரில் பதிவான தொற்றுகளோ ஒரு லட்சத்தைத் தொடவில்லை. டெல்லியில் அதே காலத்தை ஒட்டிய ஆய்வில் 23.48 விழுக்காடு கிடைத்தது. மும்பையில் மூன்று வார்டுகளில் மட்டும் எடுத்தார்கள்: குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காடு, மற்ற பகுதிகளில் 16 விழுக்காடு. ஒரே நகரத்துக்குள் இரண்டு தெருக்களுக்கு இடையே இருக்கும் இந்த வேறுபாடு, சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே இருப்பதைவிடப் பன்மடங்கு பெரியது. 'மும்பை' என்று ஒற்றைக் கோடு வரையும்போது நாம் மறைப்பது இதைத்தான், இது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருவது.

வாசகர், சேலம்: ஞாயிறு, திங்களில் எண்ணிக்கை குறைகிறதே?

ஆய்வகங்களின் வேலை நாள்தான் காரணம். ஏழு நாள் சராசரியை எடுங்கள்.

வாசகர், ஓசூர்: பெங்களூரில் சென்னையைவிடத் தொற்று அதிகமா?

எந்த எல்லை, எந்தக் காலம், எந்தச் சோதனை என்பவற்றைக் குறிப்பிட்டு மீண்டும் கேளுங்கள்.

தரவு ஆய்வாளர், சென்னை: ஊகானின் வரைபடத்தில் 2020 பிப்ரவரி 12-இல் ஒரு செங்குத்தான முள் நிற்கிறது. பிழை என்று நீக்கிவிடலாமா?

பிழையன்று, நீக்கவும் வேண்டாம். ஊகான் இருக்கும் ஹூபெய் மாகாணம் அந்த நாளுக்கு 14,840 புதிய தொற்றுகளை அறிவித்தது. அவற்றுள் 13,332 பேர் ஆய்வகச் சோதனையின்றி, ஸ்கேன் முதலிய மருத்துவ அடையாளங்களைக் கொண்டு சேர்க்கப்பட்டவர்கள். அதாவது 'தொற்றாளர்' என்பதன் வரையறை அன்று மாறியது. மரணக் கணக்கிலும் இத்தகைய முட்கள் உண்டு. ஏப்ரல் 17-இல் ஊகான் 1,290 மரணங்களைச் சேர்த்தது; ஜூன் 16-இல் மும்பையின் கணக்கில் 862 மரணங்களும், ஜூலை 22-இல் சென்னையின் கணக்கில் 444 மரணங்களும் சேர்ந்தன. இவர்கள் யாரும் அந்த ஒரே நாளில் இறந்தவர்கள் அல்லர். இறந்த நாள் வாரியான தரவு கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் அந்த நாளைச் சராசரியிலிருந்து விலக்கி, வரைபடத்தின் அடியிலேயே காரணத்தை எழுதிவையுங்கள்.

வாசகி, ஈரோடு: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஊக்கத் தவணைத் தடுப்பூசி போடலாமா?

இதற்கு விடை சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். தயவுசெய்து அவரைப் பாருங்கள்.

ஆசிரியர், தஞ்சாவூர்: 1918-இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளூயன்சாக் காய்ச்சலில் அமெரிக்காவின் பிலடெல்பியாவையும் செயின்ட் லூயிஸையும் ஒப்பிடுவது எல்லா இடத்திலும் வருகிறதே, அது நியாயமான ஒப்பீடா?

கவனமாகச் செய்யப்பட்ட ஒப்பீடு அது. மக்களிடையே நோய் தென்பட்ட நாளைத் தொடக்கமாக வைத்து ஆய்வாளர்கள் இரு நகரங்களையும் வரிசைப்படுத்தினார்கள். பிலடெல்பியாவில் அது செப்டம்பர் 17. செப்டம்பர் 28-இல் போர்க்கடன் பத்திரத்துக்காக மாபெரும் ஊர்வலம் நடந்தது. அக்டோபர் 3-இல்தான் கூட்டங்களுக்குத் தடை வந்தது. செயின்ட் லூயிஸில் அக்டோபர் 5-இல் நோய் தென்பட, இரண்டே நாளில் தடை வந்தது. எண்ணியதும் தொற்றுகளை அன்று, வழக்கத்துக்கு மேற்பட்ட இன்ஃப்ளூயன்சா, நிமோனியா மரணங்களை. ஆய்வகச் சோதனையே இல்லாத காலத்துக்கு அதுவே பொருத்தம். உச்ச வாரத்தில் லட்சத்துக்குப் பிலடெல்பியாவில் 257 பேர், செயின்ட் லூயிஸில் 31 பேர். ஆனால் அந்த இலையுதிர்காலத்து மொத்தத்தைப் பார்த்தால் லட்சத்துக்குப் பிலடெல்பியாவில் 719 பேர், செயின்ட் லூயிஸில் 347 பேர். உச்சத்தை எடுத்தால் எட்டு மடங்கு வேறுபாடு, மொத்தத்தை எடுத்தால் இரு மடங்கு. எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

அதே ஆசிரியர்: நியூயார்க் பள்ளிகளை மூடவே இல்லை. அங்கே மரண விகிதம் பிலடெல்பியாவைவிடக் குறைவு. அப்படியானால் மூடியதால் பயன் இல்லை என்றுதானே ஆகிறது?

ஆகாது ஐயா. நியூயார்க் சும்மா இருக்கவில்லை. கடைகளுக்கும் தொழில்களுக்கும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்துக் கூட்டத்தைக் கலைத்தது, நோயாளிகளைத் தனிமைப்படுத்தியது. பள்ளி என்ற ஒரு செயலை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு நகரங்களைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது.

மருத்துவ மாணவர், கோவை: ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செயின்ட் லூயிஸுக்கு நோய் தாமதமாக வந்தது. கிழக்குக் கடற்கரையைப் பார்த்து எச்சரிக்கையானது. நல்லதிர்ஷ்டத்தை நல்ல நிர்வாகம் என்று எண்ணுகிறோம் அல்லவா?

இன்று வந்தவற்றுள் மிகக் கூர்மையான மறுப்பு இது. தாமதமும் எச்சரிக்கையும் கலந்திருப்பது உண்மை. அதனால்தான் பின்னர் 43 நகரங்களை 24 வாரங்களுக்குச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அங்கும் முன்கூட்டித் தொடங்கி, நீண்ட நாள், பல நடவடிக்கைகளைச் சேர்த்து நடத்திய நகரங்களில் மரணம் குறைந்திருந்தது. இன்னொரு சான்று செயின்ட் லூயிஸுக்குள்ளேயே இருக்கிறது. நவம்பரில் தடையைத் தளர்த்தியதும் அங்கே மரணங்கள் மீண்டும் ஏறின. நகரம் அதே நகரம், மக்கள் அதே மக்கள், வகுக்கும் எண்ணும் மாறவில்லை. இரண்டு நகரங்களை ஒப்பிடுவதைவிட ஒரே நகரத்தை அதன் முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவதை நான் எப்போதும் அதிகமாக நம்புவது இதனால்தான்.

வாசகர், திருப்பூர்: கோவையா, சென்னையா, எங்கே தொற்று அதிகம்?

முதல் கேள்விக்கான விடையைப் படியுங்கள். எல்லையும் வகுக்கும் எண்ணும் இல்லாத ஒப்பீடுகளுக்கு இனி விடை எழுத மாட்டேன்.

சுகாதார ஆய்வாளர், வேலூர்: டெல்லியின் டெங்குவையும் சென்னையின் டெங்குவையும் மாத வாரியாக ஒப்பிடலாமா?

ஆங்கில மாதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள். டெல்லியின் பருவமழை தென்மேற்கிலிருந்து வருவது, டெங்கு அதன் வாலில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏறும். சென்னைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான் வருகிறது. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால், ஒரு நகரின் உச்சத்தை இன்னொன்றின் தொடக்கத்தோடு ஒப்பிட்டவர்கள் ஆவோம். மழை தொடங்கிய வாரத்தைப் பூஜ்யமாக வைத்து வரிசைப்படுத்துங்கள். மேலும், அரசுக் கணக்கில் உறுதியான டெங்குவாகச் சேர்வது எலைசா என்ற ஆய்வக இரத்தச் சோதனையில் கண்டறியப்பட்டவை. தனியார் ஆய்வகத்தின் ரேபிட் சோதனை முடிவு மட்டும் போதாது. உங்கள் ஊரில் எத்தனை மருத்துவமனைகள் எலைசாவுக்கு மாதிரி அனுப்புகின்றன என்பதை ஆண்டு வாரியாகக் குறித்து, தொற்று எண்ணிக்கைக்குப் பக்கத்து நிரலிலேயே வையுங்கள்.