வாடகை காருக்கு வந்த மூன்று பில்கள்

கேள்வி: குடும்பத்தோடு இத்தாலி போனோம். ரோமில் கார் வாடகைக்கு எடுத்து ஃபிளாரன்ஸ் வரை ஓட்டினேன். வழியில் கொஞ்ச தூரம் மனைவியும் ஓட்டினார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. அதிகாலை விமானம் என்பதால் அலுவலகம் திறக்கும் முன்பே சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினோம். சென்னை வந்த பிறகு கார்டில் ‘நிர்வாகக் கட்டணம்’ என்று இரண்டு முறையும், பம்பர் கீறலுக்கு 640 யூரோவும் எடுத்திருக்கிறார்கள். நேற்று ஃபிளாரன்ஸ் மாநகரக் காவல்துறையின் அபராதக் கடிதமும் வந்தது. எதையும் கட்ட முடியாது என்று வழக்குப் போடலாமா?
வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வங்கிக்கு அனுப்பினால் மூன்றுமே திரும்பி வரும். பிரித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் கட்டணத்தை விட்டுவிடுங்கள். ஓட்டியவர் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்காக நிறுவனம் வாங்கும் கூலி அது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும்.

அபராதம் தனி. ஃபிளாரன்ஸின் பழைய நகர்ப்பகுதியில் குறித்த நேரங்களில் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிடும். பல முறை நுழைந்திருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட அபராதம் வரலாம். உங்களிடம் இரண்டு கட்டணம் எடுத்திருப்பதால் இன்னொரு கடிதமும் வரலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஹோட்டலில் தங்கியிருந்தால், உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்தார்களா என்று உடனே கேளுங்கள். செய்திருந்தால் 60 நாளுக்குள் அங்குள்ள பிரிஃபெக்டிடம் (மாகாணத்தில் மத்திய அரசின் பிரதிநிதியான அதிகாரி) மேல்முறையீடு செய்யலாம்.

கட்டாவிட்டால்? சில நாடுகளின் நீதிமன்றத் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற வழி செய்வது நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு; அது வெளிநாட்டு அபராதத்தை இங்கே வசூலிக்க வழி விடவில்லை. இத்தாலி அந்தப் பிரிவுக்கான நாடுகளின் பட்டியலிலும் இல்லை. எனவே ஆதம்பாக்கம் வீட்டுக்கு அமீனா வர மாட்டார். ஆனாலும் கட்டிவிடுங்கள் என்பேன். கடிதம் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும், 60 நாள் தாண்டினால் ஏறும். மறுபடி ஐரோப்பா போகும் எண்ணம் இருப்பவர் அங்கே பாக்கி வைத்துக்கொள்வது நல்லதல்ல.

சண்டை போட வேண்டியது அந்த 640 யூரோவுக்குத்தான். சாவியைப் பெட்டியில் போட்ட நேரத்துக்கும் ஊழியர் வந்து வண்டியைப் பார்த்த நேரத்துக்கும் இடையில் நடந்ததற்கும் நீங்களே பொறுப்பு என்று பல ஒப்பந்தங்கள் சொல்லும். அதனால் சாவி போடும் முன் எடுத்த படமோ வீடியோவோ இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பாதீர்கள், அதில் தேதி விவரம் போய்விடும். எடுத்த போனிலேயே மூலக் கோப்பை வைத்திருங்கள்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வண்டி எடுத்தபோதும் விட்டபோதும் போட்ட பரிசோதனைத் தாள், கீறலின் படம், பழுதுபார்த்த பில் ஆகியவற்றைக் கேளுங்கள். அதே நாளில் கார்டு கொடுத்த வங்கியிலும் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் பதியுங்கள். தள்ளிப்போட்டால், ஆட்சேபம் பதிய கார்டு நெட்வொர்க் (விசா, மாஸ்டர்கார்டு போன்றவை) வைத்திருக்கும் கெடு போய்விடும். வங்கி 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். தராவிட்டாலோ தட்டிக்கழித்தாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், வக்கீல் தேவையில்லை.

மனைவி ஓட்டிய விஷயம் சிக்கல்தான். பெயர் சேர்க்காதவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் பாதுகாப்பு ரத்தாகும் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான நிபந்தனை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஆனால் கீறல் உங்கள் வாடகைக் காலத்தில்தான் விழுந்தது என்பதற்கு அவர்களிடம் ஆதாரம் கேளுங்கள்.

நுகர்வோர் வழக்கு? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, 2 ஆண்டு கெடு. இந்தியப் பயண நிறுவனம் வழியாக முன்பதிவு செய்திருந்தால் அவர்களையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், பிடிமானம் கிடைக்கும். நேரடியாக இத்தாலிய நிறுவனத்திடம் எடுத்திருந்தால், உத்தரவு வாங்கினாலும் பணம் வருவது கஷ்டம். அப்போது வங்கி வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.