ஓடும்போதே விழுந்தானா, நின்னப்புறம் விழுந்தானா?

கேள்வி: டாக்டர், எங்க வீடு சேலம் கோரிமேடு. தம்பிக்கு 20 வயசு, போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடியாயிட்டு இருக்கான். விடியக்காலைல பசங்களோட அடிவாரத்துல இருந்து ஏற்காடு ரோட்ல மேல ஓடுவான். போன வாரம் மூணாவது வளைவு தாண்டி ஓடிட்டு இருக்கும்போதே பொத்துன்னு விழுந்துட்டான். அரை நிமிஷம் பேச்சே இல்ல, கை லேசா வெட்டி இழுத்துச்சாம், பசங்க பைக் சாவிய கைல குடுத்திருக்காங்க, அப்புறம் தானா எந்திரிச்சுட்டான். தாடையில மூணு தையல், கைல ஒரு சிராய்ப்புகூட இல்ல. கிளினிக்ல சுகர், பிரஷர் நார்மல்னு குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. வெறும் வயித்துல ஓடுனான், மலையில ஆக்சிஜன் கம்மி, அதான்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த மாசம் பிசிக்கல் டெஸ்ட், ஓடலாமா? இது ஃபிட்ஸா? எங்க சித்தப்பா ஒருத்தர் 31 வயசுல தூக்கத்துலயே தவறிட்டார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா? அம்மாகிட்ட வண்டில இருந்து விழுந்துட்டான்னுதான் சொல்லி வச்சிருக்கோம்.

பதில்: ஓட வேணாம்மா. மொதல்ல அத சொல்லிடறேன், காரணத்த அப்புறம் படிங்க. ஹார்ட் டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் ஓட்டம், ஜிம், கபடி, எதுவும் வேணாம். வீட்டுக்குள்ள நடக்கறது, கடைக்கு போறது, அதுக்கெல்லாம் பயப்பட வேணாம்.

எக்சர்சைஸ்ல மயக்கம்னு யார் வந்தாலும் நாங்க கேக்கற மொத கேள்வி ஒண்ணுதான், ஓடிட்டு இருக்கும்போதே விழுந்தானா, இல்ல ஓட்டத்த நிறுத்தி நின்னப்புறம் விழுந்தானா? கேக்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற. ஓடும்போது கால் பக்கம் ரத்தக்குழாய் எல்லாம் நல்லா விரிஞ்சிருக்கும், அங்க எறங்குன ரத்தத்த கெண்டைக்கால் சதைதான் மோட்டார் மாதிரி மேல ஏத்திட்டே இருக்கும். டக்குனு நின்னா மோட்டார் ஆஃப், ரத்தம் கால்லயே தங்கிடும், மூளைக்கு போறது கொறையும், கண்ணு இருட்டிட்டு வரும், வேர்க்கும், குமட்டும், அப்படியே சரிஞ்சு உக்காருவாங்க. காந்தி ஸ்டேடியத்துல ஓட்டம் முடிஞ்சு கோட்டுக்கு அந்தப்பக்கம் பசங்க சாயறது பெரும்பாலும் இந்த வகைதான். படுக்க வச்சு கால தூக்கி பிடிச்சா ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சுடும். ஓடி முடிச்சதும் நிக்காம அஞ்சு நிமிஷம் நடந்தாலே பல பேருக்கு இது வராது.

உங்க தம்பி கதை அது இல்ல. அவன் ஓட்டத்துக்கு நடுவுல விழுந்திருக்கான், மோட்டார் ஓடிட்டு இருக்கும்போதே. அதவிட எனக்கு உறுத்துனது நீங்க போற போக்குல எழுதுன ஒரு வரி, தாடை கிழிஞ்சிருக்கு, கைல சிராய்ப்பு இல்ல. தடுக்கி விழறவன், தலை சுத்தி விழறவன், யாரா இருந்தாலும் கை தானா முன்னாடி போயி ஊணும். கைய ஊணக்கூட நேரமில்லாம முகம் போயி ரோட்ல மோதியிருக்குன்னா சுவிட்ச அணைச்ச மாதிரி நினைவு போயிருக்கு. இப்படி போனா ஹார்ட் துடிப்புல ஏதோ தடம் மாறியிருக்கலாம்னுதான் மொதல்ல யோசிக்கணும். அப்படித்தான்னு நான் அடிச்சு சொல்லல, ஆனா இல்லன்னு நிரூபிக்கற வரைக்கும் அப்படித்தான்னு எடுத்துக்கணும்.

ஆக்சிஜன் கம்மிங்கற கதைய விடுங்க. ஏற்காடு ஊரே கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம்தான், அங்கயே ஆக்சிஜன் ஆறுல ஒரு பங்கு அளவுக்குதான் கொறையும், மூச்சு கொஞ்சம் அதிகமா வாங்கும், அவ்ளோதான். மூணாவது வளைவுல வீசறது சேலத்து காத்துதாங்க! வெறும் வயிறும் அப்படித்தான். சுகர் மாத்திரை எதுவும் போடாத 20 வயசு பையனுக்கு காலைல அரை மணி நேரம் ஓடறதுக்கு ஈரல்லயே சர்க்கரை ஸ்டாக் இருக்கு. சோர்வு வரும், கை நடுங்கும், இப்படி பொத்துன்னு விழ வைக்காது. விழுந்து எந்திரிச்சப்புறம் சுகர், பிரஷர் பாத்தா நார்மலாத்தான் இருக்கும், அத வச்சு ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியாது. ரத்தம் கம்மியா இருந்தாலும் பல நாளா மூச்சு வாங்கிட்டு, படபடன்னு அடிச்சுட்டு இருந்திருக்கும். ஒரு டெஸ்ட் எடுத்துக்கோங்க, ஆனா அதோட நிறுத்திடாதீங்க.

ஃபிட்ஸான்னு கேட்டீங்க. மூளைக்கு பத்து பதினஞ்சு செகண்ட் ரத்தம் போகலன்னாலே கை கால் ரெண்டு மூணு தடவ வெட்டும், அது ஃபிட்ஸ்தான்னு அர்த்தம் இல்ல. ஃபிட்ஸ்னா பெரும்பாலும் எந்திரிச்சப்புறமும் கொஞ்ச நேரம் குழப்பமா உளறிட்டு இருப்பாங்க. ஹார்ட் பிரச்சனைய ஃபிட்ஸ்னு நெனச்சு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டவங்க உண்டு, அதனால நியூரோ டாக்டர பாத்தாலும் ஈசிஜி எடுக்காம விடாதீங்க. பைக் சாவிக்கு இதுல ஒரு வேலையும் இல்ல.

இந்த வயசுல என்னென்ன இருக்கலாம்னா, ஹார்ட் சதை தடிச்சு போற வியாதி இருக்கு, 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்கும்னு சொல்றாங்க, பல பேருக்கு அது இருக்கறதே தெரியாது. பிறவியிலயே வால்வு சுருங்கியிருக்கலாம், சின்ன வயசு மூட்டுவலி காய்ச்சலால வால்வு கெட்டிருக்கலாம், ஹார்ட்டுக்கே ரத்தம் குடுக்கற குழாய் எடம் மாறி கெளம்பியிருக்கலாம், இல்ல ஹார்ட் பாக்க நல்லா இருந்தும் அத துடிக்க வைக்கற கரன்ட் லைன்ல கோளாறு இருக்கலாம். இதுல பலது குடும்பத்துல வரும். அங்கதான் உங்க சித்தப்பா வர்றார். அவர் அப்பா கூடப் பிறந்தவரா, இல்ல சித்தி வீட்டுக்காரரா? அப்பா தம்பின்னா சம்பந்தம் இருக்கலாம், டாக்டர்கிட்ட மொத வாக்கியமே அதுவா இருக்கட்டும். சொந்தத்துல சின்ன வயசுல கிணத்துல முங்கி போனவங்க, காரணம் தெரியாம வண்டில விழுந்து போனவங்க இருந்தாலும் கேட்டு வைங்க. இதெல்லாம் பெரியவங்களுக்குத்தான் தெரியும், அதனால அம்மாகிட்ட மறைக்கற வேலை வேணாம்.

நாளைக்கே ஈசிஜி, எக்கோ (ஹார்ட்டுக்கு எடுக்கற ஸ்கேன்) ரெண்டும் எடுங்க, சேலம் ஜிஎச்லயே ஹார்ட்டுக்கு தனியா டாக்டர் இருக்காங்க. ஈசிஜி நார்மல்னு சொன்னதும் வீட்டுக்கு வந்துடாதீங்க, எக்கோவும் முடியணும். அதுக்கப்புறம்தான் ட்ரெட்மில்ல ஓட விட்டு பாக்கற டெஸ்ட், 24 மணி நேரம் துடிப்ப பதிவு பண்ற ஹோல்ட்டர் மெஷின் எல்லாம். எக்கோ பாக்காம ட்ரெட்மில்ல ஏத்தறேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லுங்க, வால்வு ரொம்ப சுருங்கியிருந்தா அது ஆபத்து. மறுபடி விழுந்தாலோ, நெஞ்சு வலி, படபடப்பு வந்தாலோ நாளைக்கு பாப்போம்னு இல்லாம 108 கூப்பிடுங்க. விழுந்தவன் மூச்சு விடலன்னா தண்ணி தெளிச்சுட்டு நிக்காம நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வச்சு நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ அழுத்திட்டே இருக்கணும், அஞ்சு சென்டிமீட்டராவது எறங்கணும். கூட ஓடற பசங்களுக்கும் இத காட்டி குடுங்க. 2021 யூரோ கப் மேட்ச்ல டென்மார்க் ப்ளேயர் எரிக்சன் கிரவுண்ட்லயே விழுந்தப்ப காப்பாத்துனது இதுவும் ஷாக் மெஷினும்தான், அப்புறம் நெஞ்சுல கருவி வச்சுட்டு அவர் மறுபடி ஆட வந்துட்டார்.

போலீஸ் வேலை கனவு போச்சான்னு தம்பி கேப்பான். கண்டுபிடிச்சா பலதுக்கு வைத்தியம் இருக்கு, சில கரன்ட் லைன் கோளாறு ஒரே ப்ரொசீஜர்ல முழுசா சரியாயிடும். 1500 மீட்டர 7 நிமிஷத்துல ஓடற டெஸ்ட் அடுத்த செலக்‌ஷன்லயும் வரும். இப்போதைக்கு பைக் சாவிய நீங்க வாங்கி வைங்க, மலை ரோட்ல மட்டும் இல்ல, ஊருக்குள்ளயும் ஓட்ட வேணாம். மூக்கனேரி பக்கம் நீச்சலுக்கு கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க, தண்ணிக்குள்ள நினைவு போனா தூக்க ஆள் இருக்காது.