‘ஆர்’ விழுந்த ரிப்போர்ட்டும் அம்மியில் அரைத்த மஞ்சளும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, சர்க்கரை உண்டு. உள்ளங்காலில் கருவேல முள் குத்திய புண் மூன்று வாரமாக ஆறவில்லை. சீழ் கல்ச்சரில் (சீழிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) பத்து மருந்தில் ஏழுக்கு நேரே ‘ஆர்’ என்று வந்திருக்கிறது. இனி மாத்திரை கேட்காது, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடு என்கிறார்கள். வீட்டில் சிறுமலைத் தேனும் இருக்கிறது. எதைப் போடலாம்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: மூன்றும் வேண்டாம். ரிப்போர்ட்டில் மிச்சமுள்ள மூன்று வரியைப் பாருங்கள். ‘ஆர்’ என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது; ‘எஸ்’ என்றிருந்தால் கட்டுப்படும் என்று பொருள். சீழை எப்படி எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். மேலாகப் பஞ்சில் ஒற்றி எடுத்தால் தோலில் சும்மா ஒட்டியிருக்கும் கிருமியும் சேர்ந்து வளரும். புண்ணைக் கழுவி, செத்த சதையை நீக்கி, அடியிலிருந்து எடுத்திருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டை நம்பலாம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வகத் தட்டில் கிருமியை அடக்குவது உண்மைதான். ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது, சதைக்குள் இறங்காது. பற்று காய்ந்து பக்குக் கட்டும். அடியில் சீழ் தேங்கும். மஞ்சள் கறையில், சிவப்பு பரவுவதும் கண்ணுக்குத் தப்பிவிடும். வேப்பிலையோடு அம்மியின் அழுக்கும் புண்ணுக்குப் போகும்.

தேன் சங்கதி வேறு. அதன் சர்க்கரை நீரை உறிஞ்சும், புளிப்பு கிருமியை ஒடுக்கும், புண்நீரில் கலந்தால் கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். பல முனையில் தாக்குவதால் மருந்துக்கு அடங்காத கிருமியும் அடங்கும். மேலோட்டமான தீக்காயத்துக்கும், ஆபரேஷன் தையலில் சீழ் வைத்ததற்கும் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் போடுவதானால் காமா கதிரில் சுத்திகரித்த மருத்துவத் தேன்தான், 10 செ.மீ. சதுரக் காஸ் துணிக்கு சுமார் 20 மி.லி. மலைத்தேனில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். காய்ச்சினால் வித்து சாகாது, பெராக்சைடு தரும் நொதிதான் கெடும். சர்க்கரைக் கால்புண்ணுக்கோ மருத்துவத் தேனையும் சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை.

அப்பாவுக்கு வேண்டியது, அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது, சர்க்கரைக் கட்டுப்பாடு, ரத்த ஓட்டப் பரிசோதனை, எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்ப்பது. ஓரத்திலிருந்து 2 செ.மீ. தாண்டிச் சிவந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தால் கிருமி சாகுமா?
– வாசகர், மேலூர்

பதில்: சாகாது. பூண்டை நசுக்கும்போதுதான் கிருமியை அடக்கும் அல்லிசின் உண்டாகும். முழுப் பல்லாக வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதியே போய்விடும். குடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பச்சையாக அரைத்து மட்டும் தோலில் கட்டாதீர்கள். சில மணி நேரத்தில் வெந்து கொப்பளிக்கும்; சர்க்கரையால் மரத்த காலென்றால் கட்டை அவிழ்க்கும்வரை தெரியாது.