எஸ்இலினக்ஸை அணைக்காமலே கோப்புப் பகிர்வையும் இணையதளத்தையும் இயக்குவது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் அருகே உள்ள ஒரு மாங்கூழ் ஆலையில் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். அல்மாலினக்ஸ் 9 நிறுவிய புதிய சர்வரில் சாம்பா வழியாக அலுவலகக் கோப்புகளைப் பகிரவும், அதே சர்வரில் அப்பாச்சி மூலம் ஏற்றுமதியாளர்களுக்கு ஆய்வக அறிக்கைகளைக் காட்டவும் ஏற்பாடு செய்தேன். பழைய கணினியில் இருந்தவற்றை முதலில் என் ஹோம் கோப்புறையில் ஏற்றி, பிறகு ‘/டேட்டா’ என்று இணைத்த இரண்டாவது வட்டுக்கு எம்வி கட்டளையால் நகர்த்தினேன். இணையதளத்தில் 403 (பார்க்க அனுமதி இல்லை) பிழையும், அலுவலகக் கணினிகளில் அனுமதி மறுப்பும்தான் வருகின்றன. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மோட் 777 கொடுத்தும் பயனில்லை. ஓசூரிலிருந்து வந்த பொறியாளர் செட்என்ஃபோர்ஸ் 0 என்று கொடுத்ததும் எல்லாம் வேலை செய்கிறது. சீசன் முடியும்வரை இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். செட்என்ஃபோர்ஸ் 0 என்பது, லினக்ஸில் உள்ள எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பை எதையும் தடுக்காத ‘பெர்மிசிவ்’ நிலைக்கு மாற்றும் கட்டளை; அது அடுத்த மறுதொடக்கம் வரைதான் செல்லும். லாரிகள் வாசலில் நிற்கும் ஜூன் மாதத்தில் ஒருமுறை மின்சாரம் போய் சர்வர் மீண்டும் எழுந்தால், அதே 403 திரும்ப வந்து நிற்கும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அதற்கு முன் என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

சிஎச்மோட் மூலம் நாம் கொடுக்கும் அனுமதி, கோப்பின் உரிமையாளர் தம் விருப்பப்படி கொடுப்பது. எஸ்இலினக்ஸ் விதிப்பது கட்டாய அணுகல் கட்டுப்பாடு. உரிமையாளரோ, ஏன் முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரின் பெயரில் ஓடும் சேவையோகூட அதைத் தம் விருப்பத்துக்கு மீற முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் முதலில் சாதாரண அனுமதியைப் பார்க்கும். அது சரியாக இருந்தால் மட்டுமே எஸ்இலினக்ஸ் கொள்கையைப் பார்க்கும். இரண்டும் ஒப்பினால்தான் கோப்பு திறக்கும். நீங்கள் 777 கொடுத்தது முதல் சோதனையை மட்டும் தளர்த்தியது. தடுத்தது இரண்டாவது சோதனை.

அந்த இரண்டாவது சோதனை, ஒவ்வொரு கோப்புக்கும் ஓடும் நிரலுக்கும் ஒட்டப்பட்ட லேபிள்களை வைத்து நடக்கிறது. எல்எஸ் கட்டளையோடு பெரிய எழுத்து இசட் சேர்த்து உங்கள் அறிக்கைக் கோப்பு ஒன்றைப் பாருங்கள். அன்கன்ஃபைன்ட்_யு : ஆப்ஜெக்ட்_ஆர் : யூசர்_ஹோம்_டி : எஸ்0 என்ற நான்கு பகுதி கொண்ட லேபிள் தெரியும். மூன்றாவது பகுதியான வகைதான் நமக்கு முக்கியம். அப்பாச்சி ஓடும் வகை எச்டிடிபிடி_டி, சாம்பா ஓடும் வகை எஸ்எம்பிடி_டி; ஹோம் கோப்புறைக்குரிய வகையை இவை இரண்டுமே இயல்புநிலையில் தொடக் கூடாது என்பது கொள்கை. சிபி கட்டளையால் நகலெடுத்தால் கோப்பு போய்ச்சேரும் கோப்புறையின் வகையை ஏற்கும். எம்வி கொடுத்தாலோ பழைய லேபிளையும் தூக்கிக்கொண்டு போகும். உங்கள் கோப்புகள் வட்டு மாறியும் யூசர்_ஹோம்_டி என்ற அடையாளத்தோடேயே இருப்பது அதனால்தான். போதாக்குறைக்கு, புதிதாக வடிவமைத்த வட்டின் வேர்க்கோப்புறைக்கு லேபிளே இருந்திருக்காது.

இப்போது பெர்மிசிவ் நிலையில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு: எதையும் தடுக்காமல், தடுத்திருக்க வேண்டியவற்றையெல்லாம் பதிவேட்டில் எழுதிவருகிறது. ‘ஆசெர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் டுடே’ என்று கொடுத்தால் வரும் ஏவிசி வரிகளில் (எஸ்இலினக்ஸ் மறுப்புப் பதிவுகளில்) எஸ்கான்டெக்ஸ்ட் என்பது கேட்டவர், டிகான்டெக்ஸ்ட் என்பது கேட்கப்பட்ட பொருள், வளைவு அடைப்புக்குள் இருப்பது செய்ய முயன்ற செயல் என்று படியுங்கள். உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த வரிகளில் இருக்கிறது.

இனி பெரிய காரணத்துக்கு வருகிறேன். 2017 மே மாதம் சாம்பாவில் ஒரு கடுமையான ஓட்டை வெளியானது. எழுதும் அனுமதி உள்ள பகிர்வுக் கோப்புறையில் ஒருவர் தீய நிரல்தொகுப்பு ஒன்றைப் போட்டு, அதை சர்வரே ஏற்றி இயக்கும்படி செய்ய முடிந்தது. 3.5.0 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் அது பாதித்தது; சாம்பா பெரும்பாலும் ரூட் அதிகாரத்தோடு ஓடுவதால் விளைவு முழுச் சர்வரும் கைமாறுவதாக இருந்திருக்கும். எஸ்இலினக்ஸ் இயங்கிய ரெட்ஹாட் லினக்ஸ் கணினிகளில், சாம்பா தனக்குரிய இடத்துக்கு வெளியிலிருந்து எதையும் ஏற்றக் கூடாது என்ற இயல்புக் கொள்கையே அந்தத் தாக்குதலைத் தடுத்தது. திருத்தம் வெளிவரும் முன்பே இருக்கும் காவல் இது. அலுவலகத்தில் பலரும் எழுதும் பகிர்வு உங்களிடம் இருக்கிறது. இணையத்தைப் பார்த்த ஒரு வலைச் சேவையும் அதே இயந்திரத்தில் இருக்கிறது. ஆகவே இந்தக் காவல் உங்களுக்குக் கட்டாயம் தேவை.

தீர்வு, கோப்புறைகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உரிய வகையைக் கொடுப்பதே. ‘/டேட்டா’வுக்குள் அக்கவுண்ட்ஸ், ரிப்போர்ட் என இரண்டு கோப்புறைகள் இருக்கட்டும். முதலாவதில் கொள்முதல் எடைச்சீட்டுகள், விவசாயிகளின் வங்கிக் கணக்கு விவரங்கள், அதற்கு சாம்பா_ஷேர்_டி. இரண்டாவதில் பிரிக்ஸ் (சர்க்கரைச் செறிவு) அளவும் அமிலத்தன்மையும் எழுதிய ஆய்வக அறிக்கைகள். ஆய்வகத்தார் சாம்பா வழியே எழுத வேண்டும், அப்பாச்சி படிக்க வேண்டும் என்பதால் அதற்கு பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி. தாய்க்கோப்புறைக்கு மட்டும் பப்ளிக்_கன்டென்ட்_டி. கட்டளைகள் இப்படி அமையும்:

செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி பப்ளிக்_கன்டென்ட்_டி "/டேட்டா"
செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி சாம்பா_ஷேர்_டி "/டேட்டா/அக்கவுண்ட்ஸ்(/.*)?"
செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி "/டேட்டா/ரிப்போர்ட்(/.*)?"
ரெஸ்டோர்கான் -ஆர்வி /டேட்டா

கடைசி வரியில் ஆர் பெரிய எழுத்து, வி சிறிய எழுத்து. செமேனேஜ் விதியை மட்டுமே எழுதிவைக்கும். கோப்புகளில் லேபிளை ஒட்டுவது ரெஸ்டோர்கான். சிஎச்கான் கட்டளையால் நேரடியாக மாற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். பின்னொரு நாள் யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினால் அந்த மாற்றம் காணாமல் போய்விடும். ஆய்வகத்தார் இனிப் போடும் புதிய கோப்புகள் ரிப்போர்ட் கோப்புறையின் வகையைத் தாமாகவே ஏற்கும்.

இந்தப் பிரிவினையின் முழுப் பயனையும் கவனியுங்கள். நாளை உங்கள் இணையதள நிரலில் ஓர் ஓட்டை வழியாக யாரேனும் நுழைந்தாலும், அவர் எச்டிடிபிடி_டி என்ற வகைக்குள்ளேயே அடைபட்டிருப்பார். விவசாயிகளின் கணக்கு விவரங்கள் அதே வட்டில், பக்கத்துக் கோப்புறையில் இருந்தும் அவரால் படிக்க முடியாது.

பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி வகைக் கோப்புகளில் சாம்பா எழுத ஒரு பூலியனை (கொள்கையில் உள்ள ஆன்/ஆஃப் விசையை) திறக்க வேண்டும்: ‘செட்செபூல் -பி எஸ்எம்பிடி_அனான்_ரைட் ஆன்’. இதில் பி பெரிய எழுத்து; அதை விட்டால் மறுதொடக்கத்தில் அமைப்பு மறந்துவிடும். பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம்; கடவுச்சொல் இல்லாதவர்களை இது உள்ளே விடாது, சாம்பாவின் பயனர் சோதனை அப்படியே இருக்கும். மாறாக, சாம்பா_எக்ஸ்போர்ட்_ஆல்_ஆர்டபிள்யூ என்ற பூலியனை யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். ஒரு கோப்புறைக்காக ஏறத்தாழ சர்வர் முழுவதையும் சாம்பா எழுதக்கூடியதாக ஆக்கிவிடும். ஆடிட்2அலவ் கருவி பதிவேட்டிலுள்ள மறுப்புகளையெல்லாம் அனுமதி விதிகளாக மாற்றித் தரும். உங்கள் நிலையில் அதை ஓட்டினால் அப்பாச்சிக்கு எல்லாருடைய ஹோம் கோப்புகளையும் திறந்துவிடும் விதிதான் கிடைக்கும். பிழை லேபிளில் இருக்கும்போது கொள்கையைத் திருத்துவதை நான் ஏற்பதில்லை.

தரவுத்தளம் வேறு கணினியில் இருந்தால் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி என்ற பூலியன் தேவைப்படும். அப்பாச்சியை 8085 போன்ற எண்ணில் ஓட்ட விரும்பினால், ‘செமேனேஜ் போர்ட் -ஏ -டி எச்டிடிபி_போர்ட்_டி -பி டிசிபி 8085’ என்று பதிய வேண்டும்.

அடுத்து, 777-ஐ நீக்குங்கள். அக்கவுண்ட்ஸ் கோப்புறைகளுக்கு 2770, கோப்புகளுக்கு 660 (உரிமையாளரும் குழுவும் மட்டும்). ரிப்போர்ட் கோப்புறைகளுக்கு 2775, கோப்புகளுக்கு 664 (மற்றவர்கள் படிக்க மட்டும்). அதற்கேற்ப சாம்பா அமைப்பில் கிரியேட் மாஸ்க், டைரக்டரி மாஸ்க் இரண்டையும் எழுதுங்கள். பிறகு சில மணி நேரம் பெர்மிசிவ் நிலையிலேயே வழக்கமான வேலை நடக்கட்டும். ஆசெர்ச் புதிய மறுப்பு எதையும் காட்டவில்லை என்றால், என்ஃபோர்சிங் எனப்படும் தடுக்கும் நிலைக்குத் திருப்பும் செட்என்ஃபோர்ஸ் 1 கொடுத்துவிட்டு, ஓர் அலுவலகக் கணினியிலிருந்து அறிக்கையொன்றைச் சேமித்து, கைப்பேசியில் இணையதளம் வழியே அதைத் திறந்து பாருங்கள். எட்ஸி கோப்புறையின் எஸ்இலினக்ஸ் கான்ஃபிக் கோப்பிலும் என்ஃபோர்சிங் என்றே இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அங்கே யாராவது டிசேபிள்ட் (முழுவதும் அணைத்த நிலை) என்று மாற்றியிருந்தால், நேரே என்ஃபோர்சிங்குக்குத் தாவாமல், முதலில் பெர்மிசிவ் என எழுதி, ‘ஃபிக்ஸ்ஃபைல்ஸ் -எஃப் ஆன்பூட்’ கொடுத்து மறுதொடக்கம் செய்து, லேபிள்கள் முழுவதும் ஒட்டி முடிந்த பின்னரே மாற்ற வேண்டும்.

எல்லாம் செய்தும் ஏதேனும் ஒன்று திறக்காமல், பதிவேட்டிலும் எதுவும் இல்லையென்றால், முதலில் சாதாரண அனுமதிகளைப் பாருங்கள். அங்கே மறுக்கப்பட்டது ஏவிசி வரியாக வராது. அதுவும் சரியென்றால், ‘செமாட்யூல் -டிபி’ கொடுத்து, கொள்கை வழக்கமாகப் பதியாமல் விடும் மறுப்புகளையும் பதியச் செய்து, ஒருமுறை முயன்றுவிட்டு, ‘செமாட்யூல் -பி’ கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்புங்கள்.