புங்கன், இலுப்பை, சந்தன விதைகளில் எண்ணெய் எடுக்கலாமா?

கேள்வி: ஏற்காடு மலையடிவாரத்தில் மரவள்ளி பயிரிடுகிறேன். தடிமரத்துக்காக வரப்போரம் விட்ட புங்கனும் இலுப்பையும் நன்றாகக் காய்க்கின்றன. சந்தன மரங்களும் சில உண்டு. விதைகளை ஆட்டினால் எண்ணெய் எதற்கு உதவும்? பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?

பதில்: சந்தன விதையை ஆட்ட வேண்டாம். மணக்கும் சந்தன எண்ணெய் மரத்தின் வைரத்திலும் (நடுக்கட்டையிலும்) வேரிலும் கிடைப்பது. விதையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் என்றாலும் அதில் அந்த மணம் கிடையாது. காற்றுப் பட்டால் உலர்ந்து இறுகும் வகை அது. சில மரத்து விதைதானே, நாற்றங்காலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது புங்கன். எக்ஸ்பெல்லர் என்ற எண்ணெய் பிழியும் இயந்திரத்தில் 100 கிலோ விதைக்கு 24 முதல் 27 கிலோ வரை எண்ணெய் இறங்கும்; செக்கில் இன்னும் குறையும். கரஞ்சின் முதலான பொருள்களால் கசப்பும் நெடியும் கொண்டது. சமையலுக்கு ஆகவே ஆகாது. விளக்கு, சோப்பு, தோல் பதனிடுதல் என்று பயன்கள் பல. ஆனாலும் விற்பதற்கு முன்னால் உங்கள் மரவள்ளியைப் பாருங்கள். வெள்ளை ஈ தென்பட்டால் லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 மில்லி எண்ணெயை, சோப்புக் கரைசலில் பால்போல வெளுக்கும்வரை கலக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முதல் நாள் நாலைந்து செடியில் மட்டும் அடித்து, இலை கருகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பம்புசெட்டில் டீசலுக்குப் பதிலாக அப்படியே ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெட்டியான எண்ணெய் இன்ஜெக்டரை அடைத்துவிடும். மெத்தனாலும் காரமும் சேர்த்துப் பயோடீசலாக மாற்றிய பிறகே அது எரிபொருள்.

எண்ணெயின் தரத்தைக் கெடுப்பது ஈரம். மழையில் நனைந்து தரையில் கிடந்த விதையில் அமிலம் ஏறிவிடும். சோப்புக்காரரும் விலையைக் குறைப்பார். காயை மரத்திலிருந்தே பறித்து, காயவைத்து, தடியால் தட்டி ஓட்டை நீக்குங்கள். விதையை விரலால் ஒடித்துப் பாருங்கள்: ரப்பர்போல வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும், படக்கென்று ஒடிந்தால் மூட்டை கட்டலாம்.

இலுப்பைப் பருப்பில் எண்ணெய் இன்னும் அதிகம். பனிக்காலத்தில் நெய்போல உறைந்துவிடும். கெட்டுவிட்டதென்று பயப்படாதீர்கள், இளஞ்சூட்டில் உருகிவிடும். கோயில் விளக்குக்கும் சோப்புக்கும் அருமையானது.

இரண்டு பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்காதீர்கள். புங்கனில் கரஞ்சின், இலுப்பையில் சப்போனின். இரண்டுமே கால்நடைக்கு ஆகாதவை. நிலத்துக்கோ புங்கம் பிண்ணாக்கு நல்ல உரம். தழைச்சத்து சுமார் 4 சதவீதம். தூளாக்கி யூரியாவுடன் கலந்து இட்டால் சத்து சீக்கிரம் வீணாகாது. இலுப்பைப் பிண்ணாக்கு மட்டும் மீன் வளர்க்கும் குட்டைப் பக்கம் போகக்கூடாது. மீன்கள் செத்து மிதக்கும்.

ஆட்டக் கொடுக்கும்போது, கடலையும் எள்ளும் ஆட்டும் செக்கில் புங்கனைப் போடச் சொல்லாதீர்கள். அடுத்து ஆட்டுபவரின் சமையல் எண்ணெயில் கசப்பு கலந்துவிடும். சாப்பிடாத எண்ணெய்க்கென்றே தனி எக்ஸ்பெல்லர் வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.