உறைபனி விழும் ஊரில் வீட்டு முன் புல்தரை: எந்தப் புல் நடலாம்?

கேள்வி: ஐயா, ஊட்டிக்கு அருகே நஞ்சநாடு பக்கம் கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் காலியாகக் கிடக்கிறது. முன்புறம் சமதளம், பக்கத்தில் சரிவு, பின்னால் சைப்ரஸ் மர நிழல். சரிவுக்குக் கீழே கேரட் பாத்தி. பேரப்பிள்ளைகள் விளையாடப் புல்தரை வேண்டும் என்கிறான் மகன். கோவை நர்சரியில் கொரியன் புல் நடச் சொல்கிறார்கள். தினமும் தண்ணீர், வாராவாரம் வெட்டு என்று எங்களால் பார்க்க முடியாது. இரண்டு மாடுகள் இருக்கின்றன. எந்தப் புல் சரியாக வரும்?

பதில்: வணக்கம் ஐயா. ஐந்து சென்ட்டிலும் புல்தரை போடாதீர்கள். வேலை குறைய வேண்டும் என்றால் எந்தப் புல் என்பதற்கு முன்னால் எவ்வளவு இடம், எந்த இடம் என்று முடிவு செய்ய வேண்டும். முன்புறம் வெயில் விழும் சமதளத்தில் ஒன்று, ஒன்றரை சென்ட் போதும். பிள்ளைகள் ஓடியாட அது தாராளம்.

அந்த இடத்துக்கு நான் சொல்வது கிக்கூயு புல். கென்யா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் மேட்டுநிலம்தான் அதன் சொந்த இடம். அங்கே ஏறக்குறைய நம் மலையின் உயரம், நம் குளிர். அமில மண்ணையும் மிதிபடுவதையும் தாங்கும். உறைபனியில் மேல் இலை கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு சாகாது. கோடை மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். வேர் நன்றாக இறங்கிய பிறகு தினமும் தண்ணீர் காட்ட வேண்டிய புல் இல்லை இது.

கொரியன் புல் மெதுவாக வளரும், அதனால் வெட்டு குறைவு என்று நர்சரியில் சொன்னது சரிதான். ஆனால் உங்கள் ஊரில் அந்த மெதுவே தொல்லை. தரையை மூடுவதற்குள் ஒரு குளிர்காலம் வந்துவிடும், இடைவெளியெல்லாம் களை பிடித்துவிடும். உங்கள் வரப்பிலும் ரோட்டோரத்திலும் கிக்கூயு ஏற்கெனவே இருக்கும். அது உள்ளே நுழைந்தால் கொரியன் புல் எதிர்த்து நிற்காது. உட்கார்ந்து களை பிடுங்கியே ஓய்ந்துபோவீர்கள். அருகம்புல்லுக்குச் சூடு வேண்டும். சமவெளியில் அருமையான புல். உங்கள் உயரத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காய்ந்த நிறத்தில்தான் நிற்கும்.

சரி, கிக்கூயுவில் உள்ள ஆபத்து என்ன? அது ஓடும் புல். தரைக்கு மேலும் கீழும் தண்டு விட்டுப் பரவும், கணு உள்ள துண்டு ஒன்று விழுந்தாலும் வேர் பிடிக்கும். கீழே கேரட் பாத்தி வைத்திருக்கும் நீங்கள் இதை மிகக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கேரட் வரிசைக்குள் புகுந்த கிக்கூயுவைக் கேரட்டுக்குச் சேதமில்லாமல் எடுக்கவே முடியாது. புல்தரையைச் சுற்றி ஒரு அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். மழைநீர் வடியவும் அது உதவும். மாதம் ஒருமுறை வாய்க்காலுக்குள் எட்டிப் பார்க்கும் தண்டுகளை அறுத்துவிடுங்கள். இந்தப் புல்லுக்கு நீங்கள் தவறவே கூடாத வேலை இது ஒன்றுதான். வாய்க்காலின் தண்ணீர் பாத்திப் பக்கம் போகாதபடி திருப்பிவிடுங்கள். வெட்டிய துண்டுகள் மழையில் அடித்துப் போய்ப் பாத்தியில் முளைக்கும்.

இந்தப் புல் மாட்டின் மூலமாகக் கேரட் பாத்திக்குள் புக இன்னொரு வழியும் இருக்கிறது. கிக்கூயு நல்ல தீவனம், வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடலாம். ஆனால் இதன் பூ இலையுறைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். விதை பிடித்தது வெளியே தெரியாது. அந்த விதை மாட்டின் வயிற்றில் முழுவதும் செரிக்காமல் சாணத்தோடு உயிரோடு வெளியே வரும். அதனால் பச்சைச் சாணத்தைப் பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். குவித்து, நன்றாகச் சூடேற விட்டு, புரட்டி, முழுக்க மட்கிய பிறகே போடுங்கள்.

நடவுக்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்லது. கோடை மழையில் வேர் பிடித்துவிட்டால் ஜூலை மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாது. ஜூலையிலேயே நட்டால் தண்டும் மண்ணும் சேர்ந்து போகும். முன்கூட்டியே நிலத்தைக் கொத்தி, புளியாரை போன்ற களைகளை வேரோடு எடுத்துவிட்டு, மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அமிலம் அதிகம் என்று வந்தால் அதைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும். ஹெக்டேருக்கு இரண்டு டன் பரிந்துரைத்தால் அது சென்ட்டுக்கு எட்டு கிலோ கணக்கு. மூன்று, நான்கு கணு உள்ள வேர்த்தண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நுனி மட்டும் வெளியே தெரியும்படி பதித்து மண்ணை மிதித்து விடுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டாம், உங்கள் வரப்பிலேயே கிடைக்கும்.

கூடவே வெள்ளைக் குளோவரையும் கலந்து விடுங்கள். ஊட்டிப் பக்கம் ரோட்டோரம் மூன்று இலையோடு, வெள்ளை உருண்டைப் பூவோடு படர்ந்திருக்குமே, அதுதான். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், யூரியா தேவைப்படாது. யூரியா போட்டால் கிக்கூயு வெறிகொண்டு வளரும், வெட்டு வேலை இரட்டிப்பாகும். குளோவர் பூத்தால் தேனீ வரும், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் என்பதால் பூ வந்ததும் வெட்டிவிடுங்கள். வெறும் குளோவரை மட்டும் மாட்டுக்கு நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும். புல்லோடு கலந்து கொடுங்கள்.

வெட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஜூன் முதல் அக்டோபர் வரை பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, இரண்டு அங்குல உயரம் விட்டு வெட்டுங்கள். முழங்கால் உயரம் வளரவிட்டு ஒரேயடியாக மொட்டை அடித்தால் அடியில் இருக்கும் பழுப்புத் தண்டு மட்டும் தெரியும், மறுபடி பச்சை வர வாரக்கணக்காகும். நவம்பருக்குப் பிறகு ஒட்ட வெட்டவே கூடாது. அந்த இலைதான் தண்டுக்குப் பனியிலிருந்து பாதுகாப்பு. ஜனவரி, பிப்ரவரியில் வெட்டு வேலையே இருக்காது. உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறும்வரை புல்லின் மேல் யாரையும் நடக்க விடாதீர்கள். உறைந்த இலை மிதிபட்டால் கால் தடம் பட்ட இடமெல்லாம் கருகிப்போகும்.

சரிவில் இப்போது இருக்கும் புல் பூண்டை அப்படியே விட்டுவிடுங்கள். கொத்திப் புதிதாக நட்டால் முதல் பெருமழையில் மேல்மண் முழுவதும் கேரட் பாத்தியில் வந்து நிற்கும். வருடத்துக்கு மூன்று முறை அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போட்டால் போதும். சைப்ரஸ் நிழலில் எந்தப் புல்லும் நிற்காது. அங்கே கல் பதித்து, ஓரத்தில் பெரணி வைத்துவிடுங்கள்.

புல்தரையில் திட்டுத் திட்டாகப் பழுத்து, இழுத்தால் பாய் போலக் கையோடு வந்தால் அது வேர்ப்புழு. உருளைக்கிழங்கில் நீங்கள் பார்த்திருக்கும் அதே வெள்ளைப் புழுதான். அதைத் தின்னக் காட்டுப்பன்றி வந்து ராத்திரியில் தரையையே உழுதுவிட்டுப் போகும். மருந்து அடிக்க வேண்டாம், அந்தப் புல்லை மாடு தின்கிறது. புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை மட்கிய எருவில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது தூவுங்கள்.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். வெட்டிய புல்லில் மாட்டுக்குப் போக மிஞ்சியதை ஓடையிலோ சோலை ஓரத்திலோ கொட்டாதீர்கள். அங்கே வேர்விட்டால் நம் மலையின் சொந்தப் புல்லையும் செடியையும் மூடி அமுக்கிவிடும். மிஞ்சியது அத்தனையும் உங்கள் எருக்குழிக்கே போகட்டும்.